அரசு சரிந்தது, சமயம் நின்றது

வரலாற்றுப் பாடநூல்களில் மீமிசலுக்குத் தனி அத்தியாயம் கிடையாது. எனினும், இவ்வூரை நடுவில் வைத்து நிலப்படம் ஒன்றை விரித்துப் பார்ப்போமாயின், உலக வரலாற்றின் பெரியதொரு பகுதி நம் காலடியில் கிடப்பதைக் காணலாம். வடக்கே கோட்டைப்பட்டினமும் அதற்கப்பால் நாகப்பட்டினமும். தெற்கே தொண்டி, அதனையும் கடந்தால் வேதாளை, கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி. கிழக்கே நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணமும் மன்னாரும். தென்மேற்கே உள்நாட்டில், பாம்பாற்றங்கரையில் ஓரியூர். இந்த வட்டத்துக்குள்தான் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஒரு மேலை வல்லரசு எழுந்தது, ஓங்கியது, வீழ்ந்தது. அதனோடு வந்த கிறிஸ்தவமோ அது வீழ்ந்த பின்னரும் வீழவில்லை. இவ்விரு செய்திகளையும் ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சிக்கு இன்று என்ன தேவை என்று வாசகர்கள் கேட்கலாம். தேவை உண்டு. “இஸ்லாம் வாளால் பரவியது” என்று ஒரு சாரார் கூறக் கேட்டு நாம் மனம் நோகின்றோம். அதே மூச்சில், “கிறிஸ்தவம் பறங்கியின் பீரங்கியால் பரவியது” என்று நம்மில் சிலர் கூறும்போது, அதனை மறுக்காமல் கேட்டுக்கொண்டும் இருக்கின்றோம். இரண்டும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டிய கூற்றுகள். அந்தத் தராசு நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

வந்தவர்கள் எத்தகையோர்?

போர்த்துக்கல் என்பது ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில் உள்ள ஒரு சிறு நாடு. 1453-ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் உஸ்மானியத் துருக்கியர் வசமாயிற்று. 1492-இல் ஸ்பெயின் நாட்டின் கடைசி முஸ்லிம் அரசாகிய கிரானடா வீழ்ந்தது. ஒருபுறம் கிழக்கின் மிகப் பெரிய கிறிஸ்தவத் தலைநகர் கைமாறிய அச்சம்; மறுபுறம் மேற்கில் முஸ்லிம்களை வென்ற வெறி. இவ்விரண்டும் கொதித்துக் கொண்டிருந்த காலத்தில்தான் போர்த்துக்கல் தன் கப்பல்களைக் கட்டிற்று. 1496-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு மன்னர் மனுவேல், யூதர்களும் முஸ்லிம்களும் நாட்டை விட்டு வெளியேற வேண்டுமென ஆணை பிறப்பித்தார். அடுத்த ஆண்டே வாஸ்கோ ட காமா கடலேறினார்; 1498 மே மாதத்தில் கோழிக்கோட்டை அடைந்தார்.

இந்தப் பின்னணியை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். தம் நாட்டில் அயற்சமயத்தாருடன் வாழ மறுத்தவர்கள், பல சமயத்தாரும் ஒரே சந்தையில் வாங்கி விற்றுக் கொண்டிருந்த ஒரு கடலுக்குள் வந்து சேர்ந்தார்கள். 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா, 1515-இல் ஹொர்முஸ் என்று கடல்வாயில்கள் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குப் போயின. அதுவரை எவருக்கும் உரியதாக இல்லாத நீர்வழியில், தம்முடைய அனுமதிச் சீட்டு இல்லாத கலங்கள் செல்லக்கூடாதென்று விதி செய்தார்கள். நம் மரக்காயர்களின் தோணிகளும் கப்பல்களும் அந்நாள் முதல் அந்நியரின் சீட்டுக்குக் கைகட்டி நிற்க நேர்ந்தது.

வேதாளையில் முடிந்த போர்

முத்துக் குளித்துறையின் அக்கால நிலையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பாண்டியர் காலந்தொட்டே இக்கரையின் பெருவணிகத்தில் முஸ்லிம்கள் முன்னின்றனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னரின் அமைச்சராகவே தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் அரபுப் பெருமகனார் விளங்கினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதி வைத்துள்ளார். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காயலில் முத்துச் சலாபத்தின் குத்தகை உரிமையும் ஒரு முஸ்லிம் செல்வரிடமே இருந்ததைப் போர்த்துக்கீசியரான பார்போசா குறிக்கின்றார். கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்களுள் பெரும்பாலோர் பரதவர்கள். உழைப்பு ஓரிடம், குத்தகை வேறிடம் என்றிருந்தால் பூசல் எழாமல் இருக்குமா? 1530-களில் அப்பூசல் முற்றிக் கைகலப்பாயிற்று. இருதரப்பிலும் உயிர்கள் பலியாயின.

அவ்வேளையில் ஜான் த குரூஸ் என்னும் மலையாள நாட்டுக் கிறிஸ்தவக் குதிரை வணிகர், போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புத் தேடுமாறு பரதவர் தலைவர்களுக்கு யோசனை கூறினார். அவர்கள் கொச்சிக்குச் சென்று முறையிட்டனர். 1535-க்கும் 1537-க்கும் இடையில் பரதவர் ஊர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றன. அவர்களின் தொகை சுமார் 20,000 என்று கூறுவர். அரசியல் பாதுகாப்பு, சலாப உரிமை, சமயம் ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டன. அவர்களுக்கு உபதேசம் செய்யவோ, தமிழில் ஒரு ஜெபத்தைக் கற்றுக் கொடுக்கவோ அப்போது ஆளில்லை.

அடுத்து வந்தது 1538. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் ஆதரவில், பாத்தே மரக்காயர், குஞ்ஞாலி மரக்காயர், அலி இப்ராஹீம் மரக்காயர் ஆகியோர் தலைமையில் ஒரு கப்பற்படை இலங்கைப் பக்கம் புறப்பட்டது. சீதாவாக்கையின் மாயாதுன்னைக்குத் துணை செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் அப்படை தங்கியிருந்தபோது, மார்த்தின் அபோன்சோ த சூசா என்னும் தளபதி அதனைத் தாக்கிச் சிதறடித்தார். போர்த்துக்கீசியர் பெருமிதத்தோடு விரித்தெழுதிய இந்தத் தோல்வியை, மலபாரின் மார்க்க மேதை ஜைனுத்தீன் மக்தூம் தமது ‘துஹ்பத்துல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலில் சுருக்கமாகக் குறித்துள்ளார். அன்று முதல் முத்துக் கடல் முற்றிலும் பறங்கியர் கைக்குப் போயிற்று.

சவேரியாரின் முறையீடு

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தோரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். 1544-இல் விஜயநகரப் பேரரசைச் சார்ந்த வடுகர் படை குமரிமுனைப் பக்கத்துக் கிராமங்களைச் சூறையாடியபோது மக்கள் கடலிலிருந்த பாறைகளுக்கு ஓடி ஒளிந்தனர். அவர்களுக்கு உணவும் நீரும் கொண்டு செல்லத் தோணிகளைத் திரட்டியவர் அவரே. அதே ஆண்டில் மன்னாரில் புதிதாக மதம் மாறிய சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னர் சங்கிலி கொல்வித்தார்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது, சவேரியாரின் கடிதங்களில் மிகக் கடுமையான சொற்கள் யாரை நோக்கி எழுந்தன என்பதாகும். முஸ்லிம்களையும் பிராமணர்களையும் அவர் கண்டித்தது உண்மையே. ஆயினும் அவருடைய நெஞ்சை அறுத்தவர்கள் அவருடைய நாட்டு அதிகாரிகள். முத்துக்குளித்துறையின் போர்த்துக்கீசியத் தளபதி மக்களைக் கசக்கிப் பிழிவதைப் பற்றித் தம் துணைவருக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். 1545-இல் மன்னர் மூன்றாம் ஜானுக்கே எழுதி, கொள்ளையிடும் அதிகாரிகளைத் தண்டிக்குமாறு வற்புறுத்தினார். கொடியும் சிலுவையும் ஒரே கப்பலில் வந்தன; கரையில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே அவை ஒன்றோடொன்று மோதத் தொடங்கிவிட்டன.

அதற்கு வேதாளையே மீண்டும் சாட்சியாயிற்று. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தளபதி, இராமேசுவரத்துக்குச் செல்லும் இந்து யாத்திரிகர்களை மறித்துச் சுங்கம் வாங்க முற்பட்டார். சினங்கொண்ட வடுகர் படை 1549-இல் வேதாளையைத் தாக்கியது. மரக்காயர் கப்பற்படை அழிந்த அதே கரையில், கிறிஸ்தவப் பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றிக் காப்பாற்ற முனைந்த அந்தோனியோ கிரிமினாலி என்னும் பாதிரியார் கொல்லப்பட்டார். சுங்கம் கேட்டவர் தளபதி. உயிர் கொடுத்தவர் பாதிரியார். ஒரு பேரரசு தன் பேராசைக்குச் செலுத்த வேண்டிய விலையைப் பல வேளைகளில் அதன் நிழலில் நிற்கும் எளியவர்களே செலுத்துகின்றனர்.

இப்னு கல்தூனின் கணக்கு

அரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் வீழ்கின்றன என்னும் வினாவுக்கு, இவர்கள் இங்கு வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே விடை தேடியவர் இப்னு கல்தூன். 1377-இல் எழுதி முடித்த ‘முகத்திமா’ என்னும் நூலில், ஓர் அரசைத் தோற்றுவிப்பது குழுவினரின் ஒட்டுறவுணர்வு என்றும், அதனைக் கரைப்பது ஆடம்பரமும் அநியாயமும் என்றும் அவர் விளக்கினார். அரச வம்சங்களின் ஆயுள் பெரும்பாலும் மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 40 ஆண்டு என்பது அவருடைய கணக்கு. அவர் மனத்திற் கொண்டது பாலைநிலக் குடிகளின் வம்சங்களையே ஆகும். கடல்வழி வந்த வணிக வல்லரசுக்கு அதனை அப்படியே பொருத்துதல் தகாது. ஆயினும் வேதாளைப் போர் நடந்த 1538-உடன் 120-ஐக் கூட்டிப் பாருங்கள். 1658 வருகிறது. அவ்வாண்டில்தான் மன்னார், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் ஆகிய நான்கும் ஒல்லாந்தர் கைக்குப் போயின!

ஆண்டுக் கணக்கைத் தற்செயல் என்றே தள்ளிவிடலாம். காரணங்களைத் தள்ள முடியாது. முதல் தலைமுறையினர் உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்தனர். அடுத்து வந்தோர் கோட்டைத் தளபதி என்னும் பதவியைச் சில ஆண்டுகளுக்குள் செல்வம் சேர்க்கும் குத்தகையாகக் கருதினர். 1578-இல் இளம் மன்னர் செபஸ்தியான் மொராக்கோவின் மீது படையெடுத்துச் சென்று போர்க்களத்தில் மடிந்தார், வாரிசு இல்லை. 1580-இல் போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னரின் முடிக்குக் கீழ் வந்து, 60 ஆண்டுகள் அவ்வாறே இருந்தது. ஸ்பெயினின் பகைவராகிய ஒல்லாந்தர் போர்த்துக்கல்லுக்கும் பகைவராயினர். 1622-இல் ஹொர்முஸைப் பாரசீகத்தின் ஷா அப்பாஸ் ஆங்கிலேயர் துணையோடு மீட்டார். 1641-இல் மலாக்கா, 1650-இல் மஸ்கத், 1656-இல் கொழும்பு, 1663-இல் கொச்சி என்று கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

இடையில் இந்நாட்டுப் பேரரசும் தப்பவில்லை. 1336-இல் எழுந்த விஜயநகரம் 1565-இல் தலைக்கோட்டையில் முறிந்தது. நாயக்கர்களும் சேதுபதிகளும் தொண்டைமான்களும் தலையெடுத்தனர். கிழவன் சேதுபதியின் ஆதரவால் எழுந்த தொண்டைமான்களின் புதுக்கோட்டை அரசு 1948 வரை நின்றது. அதன் பெயரைத் தாங்கி 1974-இல் உருவான மாவட்டத்தில்தான் இன்று மீமிசல் இருக்கிறது.

கொடி இறங்கிய பின்

இப்போது நம் வினாவின் மையத்துக்கு வருவோம். பாதுகாப்புக்காகவும் சலாப உரிமைக்காகவும் மதம் மாறியவர்கள் என்றால், அந்தப் பாதுகாப்பு 1658-இல் மறைந்தவுடன் பரதவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? புதிய எசமானரின் சமயத்துக்கு மாறியிருக்க வேண்டும். ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே, ஆனால் கத்தோலிக்கத்தை வெறுத்த சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கப் பாதிரிமாரை விரட்டினர், கோயில்களைக் கைப்பற்றினர், தம் சபைக்கு மக்களை இழுக்க முயன்றனர். முத்துக்குளித்துறையில் அம்முயற்சி பலிக்கவில்லை. ஒல்லாந்தரின் ஆட்சி நடந்து கொண்டிருந்தபோதே, 1713-இல் தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் எழுந்தது.

பேரத்தில் தொடங்கிய ஒன்று எப்போது நம்பிக்கையாக மாறியது? இதற்கு விடையாகப் படைத்தளபதிகள் எவரையும் காட்ட இயலாது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த என்ரிக்கே என்ரிக்கஸ் என்பவரைக் காட்டலாம். 1540-களில் இக்கரைக்கு வந்து, 1600-இல் இங்கேயே மறைந்தவர் அவர். தமிழை இலக்கணத்தோடு கற்று, இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அதுவே. ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தன் மொழியில் ஜெபம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய நாளிலேயே, அந்தச் சமயத்துக்கு லிஸ்பனின் தயவு தேவையற்றதாகி விட்டது.

ஓரியூர் அதனினும் தெளிவான சான்று. அருளானந்தர் எனப்படும் ஜான் த பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் உயர்குடியிற் பிறந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தவர். 1673-இல் இந்தியா வந்து, பண்டாரசாமிகளின் உடையணிந்து, புலாலை விலக்கி, மறவர் நாட்டில் நடந்தே திரிந்தார். 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, நாட்டை விட்டு நீங்குமாறு ஆணையிடப்பட்டார். ஊர் சென்றபோது, அரசராகிவிட்ட பழைய தோழர் அங்கேயே தங்குமாறு வேண்டினார். அதை மறுத்து 1690-இல் திரும்பினார். தடியத்தேவர் என்னும் பிரமுகர் கிறிஸ்தவராகி, ஒரே மனைவியோடு வாழ முடிவு செய்து மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அரண்மனை கொதித்தது. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது.

அன்று முத்துக்குளித்துறையில் போர்த்துக்கல்லின் கொடி இறங்கி 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைக் காக்க ஒரு பீரங்கியும் இல்லை, ஒரு கப்பலும் இல்லை. எனினும் பேரரசு ஓங்கியிருந்தபோது கிறிஸ்தவம் வேரூன்றாத மறவர் சீமையில், அது ஒழிந்த பிறகே வேர் பிடித்தது. இன்றும் ஓரியூருக்குச் செல்வோரில் கிறிஸ்தவர் அல்லாதாரும் உளர்.

நம் பக்கத்துக் கணக்கு

தராசின் மறுதட்டில் நம்மையும் வைத்துப் பார்ப்பதே நேர்மை. தமிழகத்தில் முஸ்லிம் அரசு ஒன்று இருந்தது. 1335-ஐ ஒட்டி மதுரையில் எழுந்த அந்தச் சுல்தானகம் 1378-க்குள் முற்றாக மறைந்துவிட்டது. 1340-களில் அங்கு வந்த இப்னு பதூதா, சுல்தான் கியாதுத்தீனுக்கு உறவினராகவே இருந்தார். ஆயினும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற அவருடைய கொடுமையைக் கண்டு அருவருத்து, வேறெந்த மன்னரிடத்தும் தாம் காணாத செயல் அதுவென்று பதிவு செய்யத் தயங்கவில்லை. தன் மார்க்கத்தானே ஆயினும் அநீதியை அநீதி என்றெழுதிய அந்தப் பயணி நமக்கு ஒரு முன்மாதிரி.

அந்தச் சுல்தானகம் தோன்றுவதற்கு முன்னரே காயலிலும் பிற கரையூர்களிலும் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். அது அழிந்த பிறகும் வாழ்ந்தனர். தமிழக இஸ்லாத்தின் அடித்தளம் அரியணையில் இல்லை. வணிகரின் நாணயத்திலும், இறைநேசர்களின் எளிய வாழ்விலும், அரபுத் தமிழில் மார்க்கம் கற்பித்த ஆலிம்களின் உழைப்பிலும் அது இருந்தது. பறங்கியரின் ஆதிக்கத்துக்குப் பின் மரக்காயர்கள் மீண்டும் நிமிர்ந்தபோது அவர்களுக்கு அரசேதும் இருக்கவில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதி, பிரிட்டோவைக் கொல்வித்த அதே கிழவன் சேதுபதியின் உற்ற துணைவராக விளங்கினார். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட அவர் துணைநின்றார் என்றும், அவர் மறைந்தபின் பறங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயர் அப்பணியைத் தாங்கினார் என்றும் மரபு கூறும். பறங்கியின் பெயரைச் சுமந்த ஊரிலேயே நபிகள் நாயகத்தின் தமிழ்க் காவியத்துக்குக் கொடைநாயகர் கிடைத்தார்!

இலங்கை வரலாறு இன்னுமொரு பாடம் தருகிறது. 1626-இல் போர்த்துக்கீசியர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியின் பௌத்த மன்னர் செனரத் அவர்களுக்குப் புகலிடம் தந்து, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்பர். அதே நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நசுக்கியபோது, கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த ஜோசப் வாஸ் பாதிரியார் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தார். ஒற்றர் என்று ஐயுற்று முதலில் சிறையிட்ட அதே கண்டி அரசு, பின்னர் அவருக்குப் பணிபுரிய இடம் தந்தது. விரட்டியவர்களின் சமயத்தாரே விரட்டப்பட்டவர்களாகி, அதே வாசலில் வந்து நின்றனர். வாசல் திறந்தது.

நாம் கொள்ள வேண்டியது

ஆக, நம் கரையின் வரலாறு இரு கூற்றுகளையும் பொய்யாக்குகிறது. பீரங்கி கிறிஸ்தவத்தைக் கரைக்குக் கொண்டு வந்திருக்கலாம். அதனைக் காப்பாற்றியது பீரங்கி அன்று. வாள் மதுரையில் ஓர் அரசை நிறுவியிருக்கலாம். தமிழகத்தில் இஸ்லாத்தை நிலைநிறுத்தியது வாள் அன்று. ஆட்சி உதவியதைவிட, ஆட்சியின் அநீதியால் சமயம் பெற்ற பழியே நீண்ட நாள் நின்றது.

ஆகவே, வேதாளைத் தோல்வியை நினைத்து நாம் பெருமூச்சு விடலாம். ஆனால் அதன் பழியை இன்று நம்மோடு ஒரே கடலில் வலை வீசும் ஒரு கிறிஸ்தவ மீனவரின் தலையில் ஏற்றுதல் தகாது. அவருடைய முன்னோர் அன்று குத்தகைக்காரரின் கொடுமைக்கு அஞ்சியே அந்நியரிடம் ஓடினர் என்பதையும், அந்தக் குத்தகையில் நம் முன்னோருக்கும் பங்கிருந்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாறு ஒப்புக்கொண்ட பிறகே, மதுரைச் சுல்தானின் கொடுமைக்கு எங்களைக் கணக்குக் கேட்காதீர் என்று சொல்லும் தகுதி நமக்கு உண்டாகும்.

மற்றொன்றும் உண்டு. பாதிரிமார் ஆண்டுதோறும் தம் தலைமைக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அதனால் இக்கரையின் பழங்கதையை நாம் பெரும்பாலும் அவர்களுடைய கண்ணாலேயே காண வேண்டியிருக்கிறது. தொண்டியிலும் கோட்டைப்பட்டினத்திலும் கோபாலப்பட்டினத்திலும் மீமிசலிலும் நம் இல்லங்களின் பழம்பெட்டிகளில் அரபுத் தமிழ் ஏடுகளோ, தோணிக் கணக்குகளோ, பழைய சாசனங்களோ இருக்குமாயின், அவை கறையானுக்கு இரையாகும் முன் வெளிக்கொணரப்பட வேண்டும். பாட்டனாரின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அருகில் அமர்த்தி அவற்றைப் படியெடுக்கச் செய்வது, ஒவ்வொரு குடும்பமும் இந்த விடுமுறையிலேயே தொடங்கக்கூடிய பணியாகும்.